புட் அப் வித் வாரம்

ஏனுங்க, நீங்க இந்தப் பக்கம் வந்துக்கறீங்களா? எனக்கு ஜன்னலோரம்தான் ஒத்துக்கும். ஆமாங்க, அந்தப் பையை மேல வெச்சுருங்க. காதுல மாட்டியிருக்கறதைக் கழட்டுனாத்தான் நான் சொல்றது கேக்கும். சந்தோசமுங்க. பாட்டை எப்ப வேணாக் கேட்டுக்கலாம்.

எனக்குக் காங்கயமுங்க. நாச்சிமுத்துன்னு பேரு. கொப்பரை காயப்போடற தேங்காய்க் களம் வெச்சிருக்கறேன். இப்பத் தாராபுரம் தாண்டி வேலாங்காட்டுப்புதூர்ல எறங்கோணும், மச்சினன் ஊடு. மைசூர்பாகு வாங்கி வெச்சிருக்கறேன் பாருங்க, நெய்யில போட்டது. எதுக்குன்னு கேளுங்க. மன்னிப்புக் கேக்கறதுக்கு. இந்த வயசுல, என்னைவிடச் சின்னவன்கிட்ட. அவன் மனசு எறங்குனாத்தான் என்ற சம்சாரம் துளசிமணி ஊட்டுக்குத் திரும்பி வருவா. போன சனிக்கெழமை கோவிச்சுக்கிட்டுத் தம்பி ஊட்டுக்குப் போனவ இன்னும் வரல. போன் பண்ணுனா எடுக்கறதுமில்ல.

தப்பு என்மேலதானுங்க, நான் மறைக்கல. அவ தம்பியை அவகிட்டயே பழிச்சுப் பேசிட்டேன். பொறந்தூட்டைச் சொன்னா எந்தப் பொம்பளை தாங்குவா? ஆனா எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு இங்கிலீசு வார்த்தை. சொன்னாச் சிரிப்பீங்க. கேளுங்க, கேளுங்க.

காங்கயத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை ஒண்ணு இருக்குது. அதுக்கு மேல் மாடியில ரெஜினா மிஸ்ஸுன்னு ஒருத்தங்க இங்கிலீசு பேசக் கத்துக் குடுக்கறாங்க. துளசிமணிதான் சேரோணும்னா. எதுக்குன்னு நான் கேக்கலீங்க. பொம்பளைங்க ஆசைப்பட்டா துருவித் துருவிக் கேக்கக் கூடாது. தனியா எதுக்குப் போகோணும்னு நானும் கூடவே சேந்துக்கிட்டேன். மொத நாள் மிஸ்ஸு அவளை எழுப்பி உங்க பேரென்னன்னு இங்கிலீசுல கேட்டாங்க. பாவம், திணறுவாளேன்னு நானே எந்திரிச்சுப் பதில் சொல்லீட்டேன். என்ன ஊருன்னாங்க, அதையும் நானே சொன்னேன். அப்படித் தாங்கிப் புடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனனுங்க.

அந்த மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம். மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டாங்க. ரெண்டு மூணு குட்டி வார்த்தை சேந்து ஒரு அர்த்தம் குடுக்கும் பாருங்க, அந்த மாதிரி வார்த்தையா வாரத்துக்கு ஒண்ணு குடுப்பாங்க. அதை வாரம் பூரா ஊட்ல செஞ்சு பாக்கோணும். சனிக்கெழமை வகுப்பு நடுவுல நின்னு நடிச்சுக் காட்டோணும். அப்பத்தான் அர்த்தம் ஒடம்புல ஏறும்பாங்க. நான் எதையும் அரைகுறையாச் செய்யற ஆளில்லீங்க. 'லுக் ஃபார்'னு ஒரு வாரம் வந்துது, தேடறதுன்னு அர்த்தம். களத்துச் சாவியை நானே ஒளிச்சு வெச்சுட்டுத் தேடுனேன். ஒளிச்ச எடம் மறந்துபோச்சு. களம் பூட்டியே கெடந்துது, ஆளுங்க திரும்பிப் போனாங்க, கடைசியில துளசிமணிதான் தண்ணித் தொட்டிக்கு அடியில கையை உட்டுத் தொழாவி எடுத்தா. 'டர்ன் ஆஃப்'னு ஒரு வாரம். ஊட்ல ஓடறது எரியறது எல்லாத்தையும் அணைச்சேன், பிரிட்ஜையும் சேத்து. மாவு பொங்கித் தரையெல்லாம் ஓடுச்சு. அவதான் துணியெடுத்துத் தொடைச்சுட்டா. படிப்புன்னா அவளுக்கும் ஆர்வம்தான்.

அப்பறம் வந்துதுங்க இந்தப் 'புட் அப் வித்'. புட்டுன்னா வை. அப்புன்னா மேல. வித்துன்னா கூட. மூணையும் சேத்தா 'பொறுத்துக்கிட்டு இரு'ன்னு அர்த்தமாமா. இதுல பொறுமை எங்கிருந்து வந்துதுன்னு நான் எந்திரிச்சுக் கேட்டேன்.

"பிரிச்சுப் பாக்காதீங்க நாச்சிமுத்து சார், சேத்துப் பாருங்க"ன்னாங்க மிஸ்ஸு. "முள்ளு குத்துனா ஆன்னு கத்தறோம், அதுக்கு இந்த வார்த்தை வராது. அது அந்த நேரத்து வலி. இது தெனமும் இருக்கணும். புடிக்காததா இருக்கணும். விட்டுட்டுப் போகவும் முடியக் கூடாது. அதோடயே குடியிருக்கறதுதான் புட் அப் வித். சத்தத்தைச் சொல்லலாம், நாத்தத்தைச் சொல்லலாம், ஆளைக்கூடச் சொல்லலாம்."

அவங்க சொல்லிட்டிருக்கறப்பவே கீழ கடையில மோட்டாரை ஓட்டிப் பாத்தாங்க. பெஞ்சு அதிருது. இதைத்தான் நான் இங்க வந்த நாள்லருந்து புட் அப் வித் பண்றேன்னாங்க மிஸ்ஸு. எல்லாரும் சிரிச்சாங்க. துளசிமணி சிரிக்கல, அந்த வார்த்தையை வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்துட்டிருந்தா. அப்பறம் கையைத் தூக்குனா பாருங்க. அத்தனை வாரத்துல அவ கேட்ட மொதக் கேள்வி.

"மிஸ், இப்படிப் பொறுத்துக்கிட்டு இருக்கறதை நிறுத்தறதுக்கு என்ன வார்த்தைங்க?"

"அது அடுத்த வாரப் பாடம்மா"ன்னாங்க மிஸ்ஸு. துளசிமணி தலையை ஆட்டிக்கிட்டா. எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரப் பாடத்தை இப்பவே கேக்கறாளே.

சரி, கதைக்கு வாங்க. எனக்கு என்ன கஷ்டம்னா, பொறுத்துக்கறதுக்கு ஊட்ல ஒண்ணும் கெடைக்கல. ஞாயித்துக்கெழமை பூரா உக்காந்து ரோசனை பண்ணுனேன். காப்பி சூடா வருது. சட்டை தேச்சு மாட்டியிருக்குது. கூப்புட்ட கொரலுக்கு ஆள் வருது. கலியாணமாயி இத்தனை வருசத்துல ஒரு கொறையும் தேறல. கடைசியில அவளையே கேட்டேன். "ஏ இந்தா, உங்கிட்டப் பொறுத்துக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே, நான் என்ன பண்ணட்டும்?"

அவ வெங்காயம் அரிஞ்சுட்டிருந்தா. "நல்லாத் தேடிப் பாருங்க"ன்னா.

"உனக்குக் கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

என்னன்னு கேக்கறதுக்குள்ள எனக்குப் போன் வந்துருச்சு. அப்பறம் மறந்துட்டேன்.

இல்லாட்டி என்ன, நாமளே உண்டாக்கிக்க வேண்டியதுதானேன்னு எறங்கினேன். குழம்புல உப்புப் போடாதேன்னுட்டேன். படுக்கறப்ப ஃபேன் போடக் கூடாதுன்னுட்டேன், சித்திரை மாசமுங்க. நான் வேர்த்து ஊத்திப் பொறுத்துக்கிட்டுக் கெடந்தேன். அவளும் அங்கதான் படுத்திருந்தா, அவளுக்கு வேர்த்துதான்னு கவனிக்கல. பக்கத்து ஊட்டு ஆறுச்சாமிகிட்டப் போய், உங்க நாயை ஒரு வாரத்துக்கு எங்க ஊட்டு வாசல்ல கட்டி வெய்யுங்க, சத்தத்தைப் பொறுத்துப் பழகோணும்னேன். அந்த மனுசன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு நாயைக் குடுத்தாரு. கொரைக்கும்னு பாத்தா அது கொரைக்கவே இல்ல. துளசிமணி சோறு வெச்சா, அவ பின்னாலயே சுத்துச்சு.

அப்பயும் எனக்குத் திருப்தி இல்ல. ஆளைக்கூடப் பொறுத்துக்கலாம்னு மிஸ்ஸு சொன்னாங்கல்ல, அது மனசுல ஓடிட்டே இருந்துது. பெருமாநல்லூர்ல எனக்குப் பங்காளி ஒருத்தன் இருக்கறான், குப்புராசுன்னு பேரு. எங்க சொந்தத்துலயே அவனைச் சகிச்சவங்க கெடையாது. வந்தாப் போக மாட்டான். வெக்காத சோத்துலயே முடி கெடக்குதும்பான். போனைச் சத்தமா வெச்சுக்கிட்டுச் செய்தி கேப்பான், தூங்குனாலும் அது ஓடிட்டே இருக்கும். அவனை நானே கார் வெச்சுப் போய்க் கூட்டியாந்தனுங்க. வாடா, வந்து ஒரு வாரம் இருன்னேன். அவனுக்கே சந்தேகம் வந்துருச்சு. "ஏன்டா, உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"ன்னான்.

என்னமாப் பொறுத்துக்கிட்டேன் தெரியுங்களா அந்த வாரம். காலையில களத்துக்குப் போயிருவேன். பொழுது சாய வருவேன். வந்ததும் குப்புராசுக்கு எதுத்தாப்புல உக்காந்து பொறுத்துக்குவேன். பகல்ல அவனுக்கு வேணுங்கறதெல்லாம் துளசிமணி பாத்துக்குவா. நெனைச்ச நேரத்துக்குக் காப்பி, குளிக்க வெந்நீர், முட்டிக்குத் தைலம் காச்சித் தர்றது. அவன் உப்பில்லாததைத் திங்க மாட்டான், அதனால ரெண்டு குழம்பு, ரெண்டு பொரியல். நான் அப்பப்ப அடுப்படிக்குப் போய், பாத்தியா, வாயே தொறக்காமப் பொறுத்துக்கறேன் பாத்தியான்னு சொல்லிட்டு வருவேன். அவளுக்கும் ஒரு ஊக்கமா இருக்குமில்லீங்களா.

அந்தத் தண்ணி பாட்டல்... ஆங், குடுங்க.

எங்க உட்டேன்? தொடர்ச்சி போயிருச்சு, மறுக்கா மொதல்லருந்தே சொல்லீர்றேன். வேண்டாங்களா? புரிஞ்சுதுங்கறீங்க. சரி, சனிக்கெழமைக்கு வர்றேன்.

சனிக்கெழமை மொத ஆளா நடுவுல போய் நின்னது நான்தான். குப்புராசு கொறட்டையை நடிச்சேன். உப்பில்லாத குழம்பைக் குடிச்ச மொகத்தை நடிச்சேன். "ஐ புட் அப் வித் குப்புராஜ்"னு கும்புடு போட்டு முடிச்சேன். நல்ல கைதட்டு. அடுத்தது துளசிமணி. அவளுக்குப் பதிலா நான் வேணாச் சொல்லட்டுங்களான்னு மிஸ்ஸைக் கேட்டேன். மிஸ்ஸு பதில் சொல்றதுக்குள்ள, "நீங்க உக்காருங்க"ன்னா இவ.

போனவ ஒரு காலிச் சேரை இழுத்து நடுவுல போட்டா. இது பொண்டாட்டின்னா. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, அவ புருசனா மாறிட்டா. வெளியிலருந்து வர்ற மாதிரி வந்து நின்னா. சேரைப் பாக்கல, கையை மட்டும் பின்னால நீட்டுனா. துண்டு வந்துருச்சு போல, மொகத்தைத் தொடைச்சுச் சேர்மேலயே வீசுனா. உக்காந்து திங்க ஆரம்பிச்சா. தின்னுக்கிட்டே சேர்கிட்ட ஒரு கதை சொல்றா. அடுப்புல என்னமோ தீயுது போல, சேர் எந்திரிக்கப் பாக்குது. "கேளு, கேளு"ன்னு அதோட கையைப் புடிச்சு உக்கார வெச்சு, கதையை மறுக்கா மொதல்லருந்து ஆரம்பிக்கறா. சேர் என்னமோ சொல்ல வருது, அதுக்கும் சேத்து அவளே சொல்லீர்றா. அப்பறம் ஏப்பம். அப்பறம் பெஞ்சுல சாஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு, "லைட்டு"ன்னா. அவ்வளவுதான், ஒரே வார்த்தை. வெறும் சேருங்க அது, ஆனா எந்திரிச்சுப் போய் லைட்டை அணைச்சுட்டு வந்து உக்காந்த மாதிரியே இருந்துது எங்களுக்கு.

வகுப்பே உருண்டு சிரிச்சுது. எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சது நான்தான், கண்ணுல தண்ணி வந்துருச்சு. பின்னாலருந்து ரோசனைகூடச் சொன்னேன், ஏப்பத்தை இன்னும் பெருசா உடுன்னு. அவ முந்தானையை எடுத்து உட்டுக்கிட்டு, அவளா நின்னு, "ஐ புட் அப் வித் ஹிம்"னா. சொல்லிட்டு என்ற பக்கமே பாத்துட்டு நின்னா. என்ன பாக்கறான்னு நானும் திரும்பிப் பாத்தேன். பின்னால செவுத்துல காலண்டர்தான் தொங்குச்சு.

யாரை நடிச்சான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. அவ தம்பி தெய்வசிகாமணி. வேற ஆரு? அவளுக்கு உள்ளும் வெளியும் தெரிஞ்ச ஆம்பளைங்க ரெண்டு பேருதான், நானும் அவனும். நானில்ல. அப்ப அவன்தானுங்களே.

பைக்குல வர்றப்ப மனசு நெறைஞ்சு போயிச் சொன்னேன். "உந்தம்பியை அப்படியே கொண்டாந்து நிறுத்திட்டியே. இப்படி ஒருத்தனைக் கட்டிக்கிட்டு அந்தப் புள்ளை எப்படித்தான் குடும்பம் நடத்துதோ?"

பஸ் ஸ்டாண்டுகிட்ட வந்ததும் "நிறுத்துங்க"ன்னா. எறங்குனா.

"நான் தம்பி ஊட்டுக்குப் போறேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"அப்ப எனக்குச் சோறு?"ன்னேன். அவ தாராபுரம் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டா. குப்புராசும் மறுநாளே கெளம்பிட்டான், சாப்பாடு சரியில்லைன்னு. நாயும் அவுங்க ஊட்டுக்கே போயிருச்சு.

இப்ப ஊட்ல நான் மட்டும்தானுங்க. உப்பு எந்த டப்பாவுல இருக்குதுன்னு தெரியல. ஃபேன் போட்டுக்கிட்டுத்தான் படுக்கறேன், தூக்கம் வர மாட்டேங்குது. களத்துல என்னமாச்சும் நடந்தாச் சொல்லலாம்னு உள்ள வருவேன், வந்தா ஆளிருக்காது. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, பயமா இருக்குதுங்க. ஒருவேளை அவ வராமயே இருந்துட்டான்னா என்ன பண்றது?

தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன். மாப்ள, உன்னைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோன்னேன். "என்னையா? எதுக்கு மச்சான்?"ங்கறான். தெரியாத மாதிரியே பேசறான் பாருங்க, அவ்வளவு ரோசம் உள்ள. அதனாலதான் நேர்ல போய்க் கேட்டுப்போடலாம்னு கெளம்பிட்டேன்.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான்.

"சொல்லு மாப்ள. ஆமா, தாராபுரம் தாண்டியாச்சு. ஸ்டாப்புக்கா? அவளா வர்றேன்னா? சரி. சரி. அதென்ன அங்க அத்தனை சிரிப்பு? ஓ. அப்படியா சொன்னான்? சரி மாப்ள, வெச்சர்றேன்."

கேட்டீங்களா. துளசிமணி பஸ் ஸ்டாப்புக்கே வர்றாளாமா. பையோட வந்திருந்தான்னா கவலை உட்டுதுங்க. எதுத்த பஸ்ஸை நிறுத்தி ஏறிட்டோம்னா நேரா காங்கயம்.

இன்னொண்ணு சொன்னான். அந்த நடிப்பை நேத்து அங்கயும் சேர் போட்டு நடிச்சுக் காட்டுனாளாமா. தம்பியை வெச்சுக்கிட்டே, தைரியத்தைப் பாருங்க. அவனும் உக்காந்து சிரிச்சிருக்கறான். அவன் கடைசிப் பையன், ஒண்ணாங்கிளாஸ் படிக்கறவன், இவ கையைப் பின்னால நீட்டுனதுமே "காங்கயத்து மாமா, காங்கயத்து மாமா"ன்னு குதிச்சானாமா. எம்மேல அவ்வளவு உசுரு அந்தப் புள்ளைக்கு. பாக்காம ஏங்கியிருக்குது.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

ஏக்கம்தானுங்க. நான் போனா எப்பவும் முட்டாய் வாங்கிட்டுப் போவேன். அதனால என்ற ஞாபகம் வந்து...

இருங்க.

அவன் அப்பனை நடிச்சிருந்தா, அவன் அப்பான்னுல்ல கத்தியிருக்கோணும்.

தெய்வசிகாமணி தின்ன தட்டை அவனே கழுவி வெக்கறவனுங்க. பொண்டாட்டிக்குக் காப்பிகூடப் போட்டுக் குடுப்பான். பொட்டைப் பயன்னு அதுக்கே நான் அவனை எத்தனையோ கேலி பண்ணியிருக்கறேன். அவன் எதுக்குத் துண்டுக்குக் கையை நீட்டறான்?

ஏனுங்க, அது நானாங்க?

நீங்க சொல்ல வேண்டாம். உங்க மொகம் ரொம்ப நேரமாச் சொல்லிட்டுத்தான் இருக்குது, நான்தான் பாக்கல.

வெக்கமா இருக்குதுங்க. ஏப்பத்தைப் பெருசா உடச் சொன்னனுங்க நானு. ரெஜினா மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிருக்குது, பெஞ்சுல இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குது. அவங்க சிரிச்சது அவ நடிப்பைப் பாத்தே இல்ல போலிருக்குது, நான் சிரிக்கறதைப் பாத்து. அவ மட்டும் சிரிக்கலீங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு, இப்பவாச்சும் இந்த மனுசனுக்கு ஒறைக்குதான்னு பாத்துட்டு நின்னிருக்கறா. நான் காலண்டரைப் பாத்தேன்.

அப்பக்கூட அவ போகல. பைக்குல ஏறி உக்காந்தா. நான் வாயைத் தொறந்து தம்பின்னதுக்கு அப்பறம்தான் எறங்குனா.

வேலாங்காட்டுப்புதூருங்களா, கண்டக்டர்? ஆமாங்க, நான்தான், எறங்கோணும். மச்சினன்கிட்டப் பேசறதுக்குத்தான் வழியெல்லாம் வார்த்தை சேத்துட்டு வந்தேன். அவகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணும் கைவசம் இல்ல. இந்த மைசூர்பாகுகூட அவளுக்குன்னு வாங்கல. அவளுக்கு இது புடிக்குமான்னும் தெரியல.

அதா, புளியமரத்துக்குக் கீழ, பச்சைச் சேலை. அவதான். எனக்குத் தூரம் சரியாத் தெரியாதுங்க, நீங்க கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. கையில பை இருக்குதுங்களா? தோள்ல? கீழ கால்கிட்ட ஏதாச்சும் வெச்சிருக்காளா?

இல்லீங்களா. நல்லாப் பாத்தீங்களா?

சரிங்க. அப்பக் கூட வர்றதுக்கு அவ நிக்கல. இந்தத் தடவையாச்சும் அது நான்தான்னு கண்டுபுடிச்சுட்டு வர்றனான்னு பாக்கறதுக்குத்தான் நிக்கறா. அவ என்னைப் பாக்கறப்ப நான் இன்னிக்குப் பின்னால திரும்பிப் பாக்க மாட்டனுங்க. கொஞ்சம் காலை நகத்திக்குங்க, எறங்கறேன்.